புண் சொல்லாத பொய்

பொய் சொல்லும் நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நோயாளி உண்மையைச் சொன்னால்தானே நாங்கள் ஏதாவது செய்ய முடியும் என்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்யக் கூடாது என்று தெரியும். ஐம்பதுகளில் திருவள்ளூரில் ஒரு டாக்டர் என் அப்பாவுக்குச் செய்ததைச் செய்யக் கூடாது.

அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேப்பம்பட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், தினமும் ரயிலில் போய் வருவேன். ஒருநாள் அடுப்பிலிருந்து தவலையை இறக்கும்போது அதன் விளிம்பு அப்பாவின் வலது பாதத்தில் பட்டுவிட்டது. சின்னக் காயம்தான். வாரக்கணக்கில் ஆறவில்லை என்றதும் நான்தான் பிடிவாதமாக அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டர். அப்பாவின் சிறுநீரை ஒரு நீல மருந்தில் கலந்து விளக்கில் காட்டிச் சூடாக்கினார். நீலம் மாறிச் செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை வியாதி, தினம் ஊசி போட வேண்டும், புண்ணைக் கவனிக்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று சொன்னார். பிறகு, கூடம் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்க, இனிப்பு சாப்பிடுகிற வழக்கம் உண்டா என்று உரக்கக் கேட்டார்.

"தொடறதே இல்லை" என்றார் அப்பா.

அது பொய் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் வீட்டு பாஷையில் இனிப்பு என்றால் மிட்டாய்க்கடை லட்டு, ஜாங்கிரி. கோயிலில் தினமும் அவர் பங்குக்கு வரும் சர்க்கரைப்பொங்கல் இனிப்பில் சேராது, அது பிரசாதம். பிரசாதத்தை யாரும் சாப்பிடுவதும் இல்லை, ஸ்வீகரித்துக்கொள்வார்கள். டாக்டர் கேட்டது ஒன்று, அப்பா பதில் சொன்னது வேறொன்று. டாக்டர் சொன்னபடி காப்பிக்குச் சர்க்கரையை அன்றே நிறுத்தினார், கல்யாண வீட்டில் இலையில் விழுந்த பாதுஷாவை ஒதுக்கி வைத்தார். நெய் ஒழுகும் பொங்கலை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது கொள்ளை ஆசை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊசி போட்டும் நிறம் மாறவில்லை. டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே கட்டுப் போடுகிற கம்பவுண்டர் சனிக்கிழமை தவறாமல் பெருமாள் சேவிக்க வருகிறவர். டாக்டர் அவரைப் பார்த்து விசாரிக்க, அவர் நெளிந்துகொண்டே சொன்னார்.

"சாமி டெய்லி கோயிலாண்ட பொங்கல் சாப்ட்டுக்கினுதான் கீறாரு, டாக்டர்."

அவ்வளவுதான், டாக்டர் பிடித்துக்கொண்டுவிட்டார். பூணூல் போட்டுக்கொண்டு, நாமம் போட்டுக்கொண்டு, பொய்யும் சொல்கிறீரா என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இனிமேல் பொங்கலைக் கையால் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லவைத்தார். அப்பா சொன்னார். சொல்லும்போதே அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். சந்நிதியில் நின்றுகொண்டு, நீட்டுகிற பிரசாதத்தை வேண்டாம் என்று தள்ள அவருக்குக் கை வராது. இரண்டாவது பொய் நிஜமான பொய்தான். ஆனால் தனியாக உள்ளே கூப்பிட்டு, ஒரு விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு மீதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பொய்க்கே வேலை இருந்திருக்காது. பெருமாளும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் சோதித்தபோதும் செங்கல் நிறம்தான். கம்பவுண்டர் அதற்குள் அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பழைய கட்டைப் பிரித்திருந்தார். துணியெல்லாம் சீழ், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். டாக்டர் எழுந்துகூட வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"அதையே திருப்பிக் கட்டி அனுப்புப்பா. பொய் சொல்றவங்களுக்கு இங்க வைத்தியம் கிடையாது."

கம்பவுண்டர் தயங்கினார். டாக்டர் மறுபடி அதட்டியதும், அந்தச் சீழ்த்துணியையே சுற்றிக் கட்டினார். ஊசியும் இல்லை. நான் எத்தனையோ கெஞ்சினேன், டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் வகுப்பில் பொய் சொல்லாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. சிலேட்டை எருமை மிதித்துவிட்டது என்பான், இல்லாத சித்தப்பாவைச் சாகடித்து லீவு கேட்பான். அதற்காக வெளியே அனுப்ப ஆரம்பித்தால் நான் பெஞ்சுகளுக்குத்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கும். சின்ன வாத்தியாரம்மாவுக்குத் தெரிகிற இது, இவ்வளவு படித்தவருக்குத் தெரியவில்லை.

வேறு டாக்டரிடம் போகலாம் என்றால் அப்பா அசையவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்றார். மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டார். வியாதி கரையட்டும் என்று ஊர் வழக்கப்படி கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு வந்தார். பாதம் கறுத்து, ஜுரம் கண்டு, அவர் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் உதவியோடு ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டர் இருந்தார். அவரிடமும் அப்பா பொய் சொன்னார் என்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். பார்க்க வந்த உறவுக்காரர் கொடுத்த பொங்கல் பொட்டலம் தலையணைக்கு அடியில் இருக்க, வெறும் கஞ்சிதான் சாப்பிட்டேன் என்றார். டாக்டர் அதைக் கண்டுபிடித்து எடுத்தார், காது கூசும்படி திட்டினார், திட்டிக்கொண்டே ஊசியும் போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். திட்டாதே என்று நான் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. திட்டிவிட்டு ஊசியைப் போடு என்றுதான் சொல்கிறேன்.

ஊர் திரும்பியதும் நேரே பழைய டாக்டரிடம் போனேன். விஷயம் அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. உங்க அப்பா என்னை ஏமாத்தினார், அதுக்கு நான் என்னம்மா பண்றது என்று ஆரம்பித்தார்.

"அப்பா பொய் சொன்னார், ஒத்துக்கறேன்" என்றேன். "அந்தப் புண்ணு உங்ககிட்ட என்ன பொய் சொல்லித்து?"

டாக்டர் என்னைப் பார்க்காமல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு, அடுத்து யாரு என்று கேட்டார்.

கால் இல்லாதவர் மடப்பள்ளிக்குள் போக முடியாது. அப்பாவின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். அப்பா அதற்கப்புறமும் சில வருஷங்கள் இருந்தார். பார்க்க வருகிறவர்களெல்லாம் டாக்டரைத் திட்டினால் இவர் தடுப்பார். "அவர் மேல என்ன தப்பு? நான்னா பொய் சொன்னேன், பெருமாள் கூலி கொடுத்துட்டார்" என்பார். நான் மல்லுக்கு நிற்பேன், கத்துவேன், ஒருமுறை அழுதுகூடப் பார்த்தேன். அவர் மாறவில்லை. கால் போனதைக்கூட வியாதியின் கணக்கில் எழுதி என் மனதை ஆற்றிக்கொள்வேன். ஒரு கை பொங்கலுக்கு ஒரு கால் நியாயமான தண்டனைதான் என்று அந்த நல்ல மனுஷரை நம்பவைத்துச் சாகவிட்டாரே, அதற்கு அந்த டாக்டரை நான் மன்னிக்கவில்லை.