அதிரச மாவுச் சட்டி

தீபாவளிக்கு அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கோடு அலைந்து, நின்றால் கண் இருட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் தேனிக்குப் போனோம். டாக்டரம்மா தேதி கொடுத்தார். சர்க்கரை இறங்கியிருந்தால்தான் கத்தி வைப்பேன், இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும் என்றும் சொல்லி அனுப்பினார்.

செய்தி கூடலூரில் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பால் ஊற்றுகிறவர் முதல் எதிர்வீட்டுக்காரம்மா வரை எனக்குப் புத்தி சொன்னார்கள். இனிப்பைத் தொடாதே, முறுக்குப் பக்கம் போகாதே, காபியைச் சீனி இல்லாமல் குடி. சாப்பிடாதே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செய்யாதே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தீபாவளிப் பலகாரம் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் செய்கிறேன். இந்த வருஷமும் நான்தான் செய்தேன்.

குமுளியில் வாக்கப்பட்டிருக்கும் என் நாத்தனார் மூன்று நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்துவிட்டாள். அவள் புகுந்த வீட்டுக்கு இரண்டு டப்பா, அக்கம்பக்கத்துக்குத் தனி, வருகிறவர்களுக்குத் தனி. வெல்லப்பாகு காய்ச்சி, பச்சரிசி மாவைக் கொட்டிக் கிளறி, அதிரச மாவைச் சட்டியில் மூடி வைத்தேன். வருகிற ஆளுக்குத் தக்கச் சூடாகச் சுட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நாத்தனார் உதவிக்கே வரவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை அடுப்படி வாசல் வரை வந்து, எப்படித்தான் இந்த வெக்கையில் நிற்கிறீர்களோ என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். உப்புப் பார்க்க ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டதை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, மதினி திங்கிறாக பாருங்க.”

கூடமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பரணில் அடுக்கினார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். அத்தனை பேர் பார்க்க அதைச் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கையில் முறுக்குக் குழலோடு நின்றேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாளும் கிழமையுமாய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

டப்பாக்களைப் பரணில் ஏற்றியவர் மாவுச் சட்டியை ஏற்றவில்லை. மாவு பலகாரம் ஆகாதே. மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் சட்டியைத் திறந்து ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டேன். வெல்லமும் ஏலக்காயும் சுக்குமாக, எண்ணெயைக் காணாத பச்சை மாவு. பசி கொஞ்சமும் இல்லை. ருசிகூட இரண்டாவது உருண்டையோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் சுவரைப் பார்த்து நின்றபடி தின்றேன். நாத்தனாருக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் மென்றுகொண்டே மனசுக்குள் சொன்னேன். தீபாவளியன்றும் அதேதான், மறுநாளும் அதேதான். கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தால், மதினி எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்று அவளே பாராட்டினாள். வெட்கமாக இருந்தது. என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் மறுபடியும் சட்டியைத் திறந்தேன்.

அடுத்த வாரம் தேனியில், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. சர்க்கரை போன தடவையைவிட ஏறியிருந்தது. பண்டிகைக்குப் பலகாரம் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“அவ தொடக்கூட இல்ல டாக்டர். டப்பா பூராம் பரண்ல ஏத்திட்டேன்.”

அவ்வளவு பெருமை அந்தக் குரலில். டாக்டரம்மா நம்பிவிட்டார். அப்படியென்றால் மாத்திரைக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை, இன்சுலின் ஊசி ஆரம்பித்துவிடலாம் என்று சீட்டில் எழுதத் தொடங்கினார். பேசாமல் இருந்தால் என் மானம் தப்பும், வேண்டாத ஊசி உடம்பில் ஏறும். பேனா பாதி வரி தாண்டியதும் வாயைத் திறந்தேன்.

“நான் தின்னேன் டாக்டர். அதிரச மாவு, மூணு நாளும். பசியில இல்ல, கோவத்துல தின்னேன்.”

அவர் திட்டவில்லை. சீட்டில் எழுதிய ஊசியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். ஆனால் ஆபரேஷன் இனிப் பொங்கலுக்குப் பிறகுதான் என்றார். இன்னும் இரண்டு மாதம் இந்த உதிரப்போக்கோடு நான் நடமாட வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் வீரபாண்டி தாண்டியதும், யார் மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். உங்கள் தங்கச்சி மேல், அவளோடு சேர்ந்து சிரித்த உங்கள் மேல் என்றேன். பொங்கலுக்கு யார் வந்தாலும் அடுப்படியில் நான் நிற்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“பொறவு யாரு செய்யிறது?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பஸ் சின்னமனூரில் நின்றது. கடலைமிட்டாய் விற்கிறவர் ஜன்னலோரம் தட்டை நீட்டினார். என் கை தன்னால் பர்ஸுக்குள் போயிருந்தது.

“நீங்கதான் செய்யணும்,” என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே வந்தது. பர்ஸை மூடிக்கொண்டேன்.