நடத்தை என்று நான் படித்த சொல்

மில் கேட்டின் கம்பியில் மாட்டியிருந்த ஒரு பித்தளைத் தூக்குப்போசி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ரீலிங் அக்கா என்று நாங்கள் அழைத்த பெண்ணின் சோற்றுப் பாத்திரம் அது.

1930களில் கோயம்புத்தூர் நூல் மில் ஒன்றில் நான் கிளார்க். வெள்ளைக்கார மானேஜரின் உத்தரவுகளை ஆட்களுக்குத் தமிழில் படித்துச் சொல்வதும் என் வேலை. இன்டர்மீடியட் தேறியவன் என்ற கர்வம் எனக்கு உண்டு.

நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில், காய்ச்சலோடு வந்த ஒருத்தியை மேஸ்திரி உட்கார விடவில்லை. "உங்க ஊட்டுப் பொம்பளைன்னா இப்படி நிக்க வெப்பீங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரியால் பொறுக்க முடியாதது அந்தச் சிரிப்பைத்தான். மறுநாள், மிஸ்காண்டக்ட் என்று இங்கிலீஷில் காரணம் எழுதி மானேஜர் அவளை நீக்கினார்.

மில்லில் அந்தச் சொல்லுக்கு மேலாளுக்கு அடங்காதது என்றுதான் பொருள். காண்டக்ட் என்றால் நடத்தை என்று பள்ளியில் படித்தவன் நான். ஷிப்டு விடும் நேரத்தில், கேட்டில் கூடியிருந்த எல்லோர் முன்னாலும், "நடத்தை சரியில்லாததால் நீக்கப்பட்டாள்" என்று உரக்கப் படித்தேன். ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்தால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். அதே மில்லில் வேலை செய்த அவள் புருஷனும் அங்கே நின்றிருந்தான். அதைக் கேட்டதும் வெளியே நடந்தான்.

அக்கா தூக்குப்போசியைக் கம்பியில் மாட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "ஏனுங்க, எதுத்துப் பேசுனது நெசந்தானுங்க. அதுக்குத்தான் நிறுத்திப்போட்டாங்கன்னு ஒருக்காச் சத்தமாச் சொல்லிப்போடுங்க. அவரு காதுல உளுந்தாப் போதுமுங்க."

என் பிழை எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவள் புருஷன் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். ஆனால் மேஸ்திரி பக்கத்தில் இருந்தான். கிளார்க்குக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்ற பேச்சு மானேஜரிடம் போய்விடும். "இங்கிலீஷில் அப்படித்தான் இருக்குது" என்றேன்.

புருஷன் அவளை வீட்டுக்குள் விடவில்லை. சென்னிமலையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

போன மாதம், கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் பேரன் அதே சொல்லுக்குத் தமிழ் கேட்டான். ஒழுங்கீனம் என்று யோசிக்காமல் சொன்னேன். தாத்தாவுக்கு எல்லாம் தெரியும் என்று சிரித்தான்.

அந்தத் தூக்குப்போசியை எடுக்க யாரும் வரவில்லை. என்னைக் கும்பிட இரண்டு கையும் வேண்டுமென்றுதான் அவள் அதை அங்கே மாட்டினாள்.