துணி துவைக்கிறவள் ஏரி கடந்த கதை

ஏரிக்கரையில் இருக்கும் ஒல்லாந்தர் கோட்டையின் நோயாளிக் கொட்டகைக்குத் துணி துவைப்பது என் வேலை. காய்ச்சல்காரர்களின் விரிப்புகளை அலசி அலசி, மத்தியானத்துக்குள் கை மரத்துப்போகும்.

ஞானஸ்நானம் பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை உபதேசியார் என்னிடம் வந்தார். "அக்கரைக் குப்பத்துல பொம்பளைங்க காய்ச்சல்ல கிடக்கறாங்கம்மா. ஆம்பளை நான், வாசலோட நிக்க வேண்டியிருக்கு. நீங்க போய்ப் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுங்க. அங்க ஒருத்தி, பொம்பளை யாரும் வரலியான்னு கேட்டா."

முடியாது என்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கர்த்தர் கற்பித்த ஜெபமே பாதியில் நின்றுவிடும். இவற்றையெல்லாம் சொன்னேன். என் புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது என் வாயில் ஒரு ஜெபமும் வராததை மட்டும் சொல்லவில்லை. அவருக்கே செய்யாதவள் ஊராருக்கு என்ன செய்யப் போகிறேன்?

ஆனால் அந்தப் பெண் கேட்டது காதைவிட்டுப் போகவில்லை. துவைக்கும்போதும் கேட்டது, கஞ்சி குடிக்கும்போதும் கேட்டது. ஆண்டவர்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தும் மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தேன். நாலாவது வாரம், ஒளிவதிலேயே களைத்துப்போய், படகு ஏறினேன்.

குடிசை வாசலில் அந்தப் பெண்ணின் மாமியார்க்காரி மறித்தாள்.

"இன்னாத்துக்கு வந்த?"

"பக்கத்துல உக்காரத்தான்."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே அந்தப் பெண் நனைந்த பாயில் கிடந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், அவள் துணிகளை எடுத்துப்போய்த் துவைத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்ததும், "உங்க சாமிகிட்ட எனக்காகக் கேளேன்" என்றாள். ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் மறந்துபோயிற்று. "ஆண்டவரே, இவளைப் பாருங்க. எனக்கு வேற சொல்லத் தெரியலை" என்றேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அதன்பின் தினமும் வேலை முடிந்து போனேன். ஐந்தாம் நாள் அவள் செத்துப்போனாள்.

இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று நினைத்தது சரிதான் என்று பட்டது. இனிப் போகமாட்டேன் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து, நான் துவைக்கும் கரைக்கே அந்த மாமியார் படகில் வந்து இறங்கினாள்.

"பக்கத்து வூட்ல ஒருத்தி படுத்துக்கினு இருக்கா. வா."

"உன் மருமவளே போயிட்டாளே. நான் கேட்டது நடக்கலியே."

"உங்க சாமி இன்னா நெனச்சாரோ, எனக்குத் தெரியாது. நீ வர்றதுக்கு முன்ன அவ பயந்து பயந்து முழிச்சிக்கினு இருந்தா. நீ வந்த பொறவு தூங்கினா. அத நான் பாத்தேன்."

மிச்சத் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அவளோடு போனேன். அந்த இரண்டாவது பெண் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஜெபம் பாதியில்தான் நின்றது.

இப்போது வயசாகி முழங்கால் வீங்கிக்கொள்கிறது. படகில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு வேறு நல்ல ஆள் கிடைத்திருக்கும் என்று இன்றும் தோன்றும். தோன்றினாலும் போகிறேன். நாளைக்கு வடக்குக் குப்பத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.