மஸ்கெலியாவில் ஒரு தவக்கால வெள்ளி

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் இறங்கும்போது மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. ஹட்டனிலிருந்து வரும் வழியில் பஸ் பழுதாகி வெகுநேரம் நின்றுவிட்டது. காலையில் சர்க்கரை மாத்திரையோடு இரண்டு பிஸ்கட் தின்றதுதான். இப்போது கை நடுங்குகிறது.

எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் மிச்சமிருப்பது கோழி போட்டுக் கிளறிய சோறு மட்டும். இன்று வெள்ளிக்கிழமை, தவக்காலம். தூத்துக்குடியில் சிறுவயதிலிருந்தே நான் கறி தவிர்க்கும் சுத்தபோசனத்தை மீறியதில்லை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்று தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"வெறும் சோறு கிடைக்குமாக்கா?"

திருநீறு பூசிய கடைக்காரப் பெண் என் கழுத்துச் சிலுவையைப் பார்க்கிறார். "மாதா கோயிலுக்குப் போறவங்களா? இன்னைக்குக் கறி ஆகாதுங்களா?"

"ஆமாக்கா. ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமை தொடமாட்டேன்."

"நாங்களும் வெள்ளிக்கெழம கவுச்சி தொடுறதில்லைங்க. ஆக்கிப் போடுறதோட சரி. ஒக்காருங்க."

உள்ளே போய்த் தனக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை எடுத்து வருகிறார். சோறு, பருப்பு, இங்கே கோவா என்று சொல்லும் முட்டைக்கோஸ் பொரியல். இரண்டு தட்டில் பங்கு வைக்கிறார். எனக்கு வைத்த பங்குதான் பெரிது.

"ஒங்களுக்குப் பத்தாதேக்கா?"

"கை நடுங்குது ஒங்களுக்கு. மொதல்ல சாப்பிடுங்க."

சிலுவை போட்டுக் கண்ணை மூடுகிறேன். வழக்கமான ஜெபத்தில் இந்த அக்காவையும் சேர்த்துக்கொள்கிறேன். கண்ணைத் திறந்தால், நான் முடிக்கட்டும் என்று தன் சோற்றில் கை வைக்காமல் அவர் எதிரே காத்திருக்கிறார்.