அத்தை வாசிக்காத வரி

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தின் கூரைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. ஒரு நாள் காலை அதிலிருந்து என் அத்தையின் குரல் வந்தது. செய்திகள் வாசிப்பவர் என்று தன் பெயரைச் சொன்னதும், தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். “ஏத்தா, நம்ம புள்ள!” என்று ஒருத்தி என் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நயினார்கோவில் பக்கத்தில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் தவிர வேறெதற்கும் பேர் வாங்காத ஊர் எங்களுடையது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு, பஸ்ஸில் வரும் பேப்பரைக் களத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டியவள் அவள்தான். கதிரடிக்கும் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். அவசரமாகப் படித்து ஓடினால் தாத்தா அதட்டுவார். அப்படித்தான் அந்த நிதானம் வந்திருக்க வேண்டும். பாம்பனில் ரயில்வே வேலையில் இருந்த அப்பா, தாத்தாவின் பேச்சை மீறி அவளை மதுரையில் கல்லூரிக்கு அனுப்பினார். வானொலிக் குரல் தேர்வுக்குப் போனபோது மைக்கைக் காட்டி, “இங்கன நிக்கவா?” என்று கேட்டாளாம். அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். அவள் படிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

தாத்தா மட்டும் சமாதானமாகவில்லை. “கண்டவனும் டீக்கடையில உக்காந்து எம் மக குரலக் கேக்கணுமாக்கும்” என்பார். செய்தி நேரத்தில் வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

பிறகு அந்த மார்கழிப் புயல் வந்தது. ராமேஸ்வரம் தீவின் தென்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது என்றார்கள். பாலம் உடைந்தது, தந்திக் கம்பிகள் அறுந்தன. மண்டபத்துக்கு அப்பால் யாராலும் போக முடியவில்லை. அப்பா பாம்பனில் இருந்தார். மூன்றாம் நாள் காலை ஊரே ஒலிபெருக்கியின் கீழ் நின்றது. தாத்தாவும் முதன்முறையாக வந்து நின்றார்.

அத்தைதான் வாசித்தாள். கடலோடு போன ரயிலைப் பற்றி, பாலத்தைப் பற்றி, கரை ஒதுங்கிய உடல்களைப் பற்றி. பாம்பன் ரயில்வே ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. “கூடப் பொறந்தவன் இருக்கானா போனானான்னு தெரியல. இவளுக்கு எப்படி வாயி வருது?” என்று தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் உறவுக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி ஒப்பாரியே தொடங்கினாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். “எந் நாத்தனா இன்னும் சொல்லல. அவ சொல்லட்டும், அப்ப அழுகுறேன்.”

சில நாள் கழித்து அப்பா கிழிந்த சட்டையோடு நடந்து வந்தார். பள்ளிவாசலில் ஒதுங்கியிருந்தாராம். அங்கிருந்தவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக் காப்பாற்றி, கடல் அடங்கியதும் படகில் மண்டபம் சேர்த்தார்களாம். அம்மா அவரைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

பொங்கலுக்கு அத்தை வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. அன்று அவள் கையில் கொடுத்த தாளில், பாம்பன் ரயில்வே ஊழியர் எவரும் தப்பவில்லை என்று அஞ்சப்படுவதாக ஒரு வரி இருந்திருக்கிறது. பார்த்தவர் யார் என்று கேட்டிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை; யாரோ சொன்னது. “கேக்குறவங்க தாலியக் கழட்டிருவாங்க சார். உறுதியாகாம வாசிக்க மாட்டேன்” என்றிருக்கிறாள். அண்ணனுக்காகப் பேசுகிறாய் என்று மேலதிகாரி கத்தியிருக்கிறார். அப்படியானால் வேறு ஆளை வாசிக்கச் சொல்லுங்கள் என்று எழுந்துவிட்டாளாம். வேறு ஆள் இல்லை. வரியை அடித்துவிட்டார்கள். அவளையும் செய்தியிலிருந்து எடுத்து, வேளாண்மை நிகழ்ச்சிக்குப் போட்டுவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவள் செய்தி வாசிக்கவே இல்லை.

தாத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, “மொளகா வெலையெல்லாம் நீதான் சொல்லுவியாக்கும்?” என்றார்.

“ஆமாய்யா.”

“எந்நேரம்?”

இப்போது தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஒரு விபத்து என்றதும் திரையின் கீழே இறந்தவர் எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிடுகிறது; சற்று நேரத்தில் அது மாறுகிறது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பொங்கலன்று சாப்பிடும்போது அம்மா அத்தையிடம் கேட்டாள்: “ஒருவேளை உங்கண்ணன் போயிட்டாருன்னு உறுதியாவே வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?”

“வாசிச்சிருப்பேன் மதினி” என்றாள் அத்தை. “வேற யாரு சொன்னாலும் நீங்க நம்பியிருக்க மாட்டீங்க.”

அம்மா குனிந்து அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.