ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் அண்ணை

போன் கார்டைச் சுரண்டினால் நகத்துக்குள் ஒரு சாம்பல் தூசு ஏறுமே, நினைவிருக்கிறதா? லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்த காலம் முழுக்க என் பெருவிரல் நகம் அந்த நிறத்தில்தான் இருந்தது. எல்லாம் பாரிஸில் இருந்த அண்ணையோடு கதைக்கத்தான்.

லண்டனில் இருந்து பாரிஸுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். தூரம் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் உள்ளது மாதிரித்தான்...

ஆனால் எங்கள் இருவருக்கும் அசைலம் கேஸ், அதாவது அகதி வழக்கு, முடியவில்லை. நான் அங்கே போகவும் முடியாது, அவர் இங்கே வரவும் முடியாது. அப்படியே ஏழு வருஷம் போனது.

பிறகு அண்ணைக்குக் கேஸ் சரிவந்து, பயணப் பத்திரமும் விசாவும் கிடைத்தன. அவர் வரும் நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டு விடியவே விமான நிலையத்துக்கு ஓடினேன். நான் அங்கே போய்ச் சேரவே அவர் பறந்ததைவிடக் கூட நேரம் எடுத்தது.

விமானம் இறங்கிவிட்டது என்று போர்டில் போட்டார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அடுத்த விமானத்து ஆட்களும் வந்து போனார்கள்...

அண்ணையைக் காணவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் குடிவரவு அதிகாரி வந்து என் பெயரைக் கூப்பிட்டார். என் பத்திரங்களை வாங்கிப் பார்த்தார். விஷயம் இதுதான்: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரும் நம் பெயரும்தான். இங்கே எனக்கு அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார்கள். பிரான்ஸில் அண்ணைக்கு அவருடைய சொந்தப் பெயரையே எழுதிவிட்டார்கள். கூடப்பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு குடும்பப் பெயர் என்று அந்தப் பெண்மணிக்குச் சந்தேகம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் விளக்க விளக்க, சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் என்னை உள்ளே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அண்ணை கதிரையில் உட்கார்ந்திருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் அழத் தயாராகத்தான் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜாக்கெட் எங்கையடா? இந்தக் குளிருக்குள்ள வெறும் சேட்டோட வந்து நிக்கிறாய். சளி பிடிச்சா ஆர் பாக்கிறது?"

ஏழு வருஷத்துக்குப் பிறகு நேரில் பேசிய முதல் பேச்சு அதுதான்... நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதிகாரிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டார். தனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார். அப்பாடா என்று இருந்தது.

இப்போது இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. நினைத்தால் டிக்கெட் போடலாம். போன கிழமை ஒரு நாள் அண்ணை போன் எடுத்தார்.

"இந்தச் சனி வர ஏலாதடா. கடையில ஆள் இல்லை. வேற ஒரு சனி பாப்பம்."

"ஓம் அண்ணை, அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன்... எந்தச் சனி என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.