சாதாளை முடிகிற இடம்

வைகாசி வெயிலில் கொடுவா மீன் பிடிப்பதென்றால் சாதாளை முடிகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அரியாலைப் பக்கத்தில் கடல்நீரேரி வெகுதூரம் வரை முழங்கால் ஆழம்தான். அடியில் புல்லைப் போலச் சாதாளை வளர்ந்து கிடக்கும். பிறகு சட்டென்று நின்றுவிடும். அதற்கு அப்பால் ஆழமான ஓடை. மேல்தண்ணீர் சுடத் தொடங்கினால் கொடுவா அந்த ஓடைக்குள் இறங்கி, சாதாளையின் நிழலை ஒட்டி, இறால் வெளியே வரட்டும் என்று காத்து நிற்கும்.

இதெல்லாம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் சொன்னது. போன மாதம் அந்த ஓடைக்குள்தான் அவள் விழுந்தாள்.

அன்றைக்கு அவள் காலில் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. திருக்கை மீனின் முள் குத்திவிடும் என்று பயந்து கனடாவிலிருந்து என் தம்பி அனுப்பியது. தூண்டிலில் மாட்டிய மீன் இழுத்த வேகத்தில் முன்னால் போனாள். சப்பாத்துக்குள் தண்ணீர் நிரம்பியது. கரையில் நின்ற எனக்கு அவளுடைய தொப்பி மிதப்பது மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் நண்டு வலை கழற்றிக்கொண்டிருந்தவர் கோலை நீட்டி இழுத்தெடுத்தார். எனக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. இப்போதும் வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செய்தி கேட்டுக் கணவரின் தமக்கை வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உந்தத் தூண்டில் என்னத்துக்கு? மீன் சந்தையிலை கிடக்குத்தானே."

"சந்தையிலை கிடக்கிற மீன் இழுக்காது, மாமி" என்றாள் மகள்.

"ஓம், இது நல்லாத்தான் இழுத்தது. உன்னையெல்லோ இழுத்துக்கொண்டு போனது!"

கணவர் சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கினார். "காணும். இனி அங்கை போகேலாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் பெரிய பயந்தாங்கொள்ளி நான்தான்.

"அவள் போவாள்" என்றேன். "நானும் போவன்."

"உமக்கென்ன விசரோ?" என்றார் கணவர்.

பைத்தியமாக இருக்கலாம். ஆனால் நான் நன்றாக யோசித்திருந்தேன். அந்தத் தடித்த ரப்பருக்குக் கீழே சாதாளை முடிந்தது அவளுக்குத் தெரியவில்லை. வெறுங்காலுக்குத் தெரியும். காலைத் தூக்காமல் தரையை உரசி நடந்தால் திருக்கையும் விலகிப் போகும். அவளைக் காக்க வந்த சாமான்தான் அவளைக் கீழே இழுத்தது. இனி இன்னும் காக்கிறோம் என்று வீட்டுக்குள் வைக்கப் போகிறார்களாம். வீட்டுக்குள் வைத்து வளர்க்கப்பட்டவள் நான். அப்போது வெளியே சண்டை நடந்தது, காரணம் இருந்தது. இப்போது என் பயம் மட்டும் இருக்கிறது. அது காரணமாகாது.

போன சனிக்கிழமை இருவரும் வெறுங்காலோடு இறங்கினோம். மிதப்பதற்காக ஆளுக்கொரு வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானை மூடி இறுக்கி இடுப்பில் கட்டியிருந்தோம்.

"அம்மா, பாக்கிற சனம் தண்ணி அள்ள வந்திருக்கினம் எண்டு நினைக்கும்."

"நினைக்கட்டும். நீ காலைத் தூக்காதை."

பாதத்தின் கீழ் சாதாளை முடிந்து, வழுவழுப்பான சேறு தொட்டது. நின்றேன். அவள் தூண்டிலை ஓடைக்குக் குறுக்கே எறியவில்லை. விளிம்போடு நீளத்துக்கு எறிந்தாள். அப்படி எறிந்தால்தான் தூண்டிலில் கோத்த இறால் விளிம்பை ஒட்டியே வரும். அங்கே நிற்கும் மீன்களின் கண்ணில் படும்.

தடி வளைந்தது. கொடுவா மாட்டியதும் சாதாளைக்குள் ஓடப் பார்க்கும். ஓடினால் நூல் சிக்கி அறும். அவள் தடியைத் தண்ணீரோடு சரித்து, மீனை ஓடைப் பக்கமாகவே இழுத்துப் பிடித்தாள். மீனும் அவளை இழுத்தது. விட்டிட்டு வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விட்டிடாதை, பிள்ளை!"

என் குரல்தான். அவளே திரும்பிப் பார்த்தாள்.

முழங்கை நீளத்தில் வெள்ளியாய் ஒரு கொடுவா. அதைப் பைக்குள் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "வீட்டை போவமோ, அம்மா?"

இடுப்பிலிருந்த கானின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

"ஏன்? இன்னொருக்கா எறி" என்றேன்.